செய்தி கேட்பவரின் தருமம்

மனிதன் தன் கண்ணால் கண்டு அறிபவை மிகச் சில. காதால் கேட்டு அறிபவையே பல. தன்னைப் பெற்றவர் இன்னார் என்பதும், தான் பிறந்த நாள் இன்னது என்பதும், கடலுக்கு அப்பால் நாடுகள் உள்ளன என்பதும் பிறர் சொல்லக் கேட்டு அவன் ஏற்றுக்கொண்டவையே. பிறர் சொல்லை நம்பியே வாழவேண்டிய நிலை இருப்பதனாலன்றோ எல்லாச் சமயங்களும் வாய்மையைத் தலையாய அறமாகப் போற்றின. சொல்பவன் பொய் சொல்லலாகாது என்பது யாவரும் அறிந்த அறம். ஆனால், கேட்பவனுக்கும் ஓர் அறம் உண்டு என்பது அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. கேட்டதை ஆராயாமல் நம்புபவனும், நம்பியதை உடனே பிறருக்குச் சொல்பவனும் பொய்யின் பாவத்தில் பங்காளிகள் ஆகின்றார்களா என்பது இக்காலத்திற்கு மிகவும் வேண்டிய ஒரு கேள்வியாகும்.

இறுப்பிட்டி போன்ற ஒரு கிராமத்துக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 1991ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் புங்குடுதீவு மக்கள் யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு எனவும் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, இலண்டன் எனவும் சிதறி வாழ்கின்றனர். ஊரில் இருப்பவர்களைவிட ஊருக்கு வெளியே இருக்கும் ஊரவர்களே அதிகம். குறிகட்டுவான் இறங்குதுறையில் காலையில் நடந்த ஒரு சம்பவம் மாலைப் பூசைக்கு மணி அடிக்கும் முன்னரே ரொறன்ரோவில் ஒரு வீட்டின் தொலைபேசியில் வந்து நிற்கின்றது. அங்கிருப்பவரால் ஓடிவந்து பார்க்க முடியாது. வந்த செய்தியை நம்பியே அவர் அழுகின்றார், கோபிக்கின்றார், பணம் அனுப்புகின்றார், உறவை முறிக்கின்றார். அப்படியாயின் யாருடைய சொல்லை நம்புவது? பக்கம் சாராத, பிழையற்ற செய்தியைத் தருபவர் எவர்?

அளவை நூல் கூறும் வழி

இக்கேள்வியைச் சைவ சித்தாந்தம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எடுத்துக்கொண்டுள்ளது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியார், பதி, பசு, பாசம் என்னும் பொருள்களை விளக்கப் புகுமுன் அளவை இலக்கணத்தையே முதலில் பேசுகின்றது. ஒன்றை அறிந்தேன் என்று சொல்வதற்கு முன்னர், எவ்வாறு அறிந்தாய் என்ற கேள்விக்கு விடை வேண்டும் என்பதே இதன் கருத்தாகும். காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகள் சிறப்பாகக் கொள்ளப்படுகின்றன. கண்ணால் காண்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்பு உண்டென ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவரின் சொல்லால் அறிவது உரை.

காண்டலிலும் குற்றம் நேரும் என்று அந்நூல்கள் எச்சரிக்கின்றன. மங்கிய ஒளியில் தூரத்தில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். கிடக்கும் பழுதையைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. கண்ணால் நேரே கண்டவனுக்கே இந்த நிலை என்றால், கண்டவன் சொன்னதைக் கேட்டவன் சொன்னதைக் கேட்டவனின் நிலை என்னவாகும்? ஐயப்படுபவன் விளக்கை எடுத்துக்கொண்டு அருகே சென்று பார்ப்பான். திரிபுற்றவனோ தடியை எடுத்து அடிக்கத் தொடங்கிவிடுவான். ஆகவே, ஐயம் ஓர் இழுக்கன்று. துணியக்கூடாத இடத்தில் துணிவதே இழுக்கு.

உரை அளவையில் முழுமையாக நம்பத்தக்கது விருப்பு வெறுப்பற்ற இறைவனின் வாக்காகிய ஆகமமே என்பது சைவர் கொள்கை. இதிலிருந்து இன்னோர் உண்மையும் பெறப்படுகின்றது. ஆன்மா மலத்தாற் கட்டுண்டிருக்கும் வரையில் அதன் பார்வையில் விருப்பும் வெறுப்பும் கலந்தே இருக்கும். எனவே, முற்றும் பக்கம் சாராத மனித வாயைத் தேடிப் புறப்படுபவர் எக்காலத்திலும் அதைக் காணமாட்டார். யார் பக்கம் சாராதவர் என்று கேட்பதை விட்டு, இவர் எந்தப் பக்கத்தில் நின்று பேசுகின்றார், எதைக் கண்டு பேசுகின்றார் என்று கேட்பதே பயன் தரும்.

கண்ணகையின் வழக்கு

புங்குடுதீவின் பழம்பெருமை வாய்ந்த தலங்களுள் கண்ணகை அம்மன் கோயில் ஒன்று. அங்கே சென்று வணங்கும் அடியவர்கள், அந்தத் தாயின் கதை ஒரு பொய்ச்செய்தியால் விளைந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது தகும்.

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலனாகப் பெயர் பெற்றவன் அல்லன். அரசியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் போய்க்கொண்டிருந்தவனிடம் அரண்மனைப் பொற்கொல்லன் வந்து, களவுபோன சிலம்புடன் கள்வன் அகப்பட்டான் என்றான். அரசன் கேட்க விரும்பிய செய்தி அது. உண்மையில் சிலம்பைக் கவர்ந்தவன் செய்தி சொன்னவனே. சொல்பவனுக்கு இதில் என்ன இலாபம் என்று அரசன் கேட்கவில்லை. மற்றத் தரப்பை அழைக்கவும் இல்லை. காவலர் சென்று கோவலனைக் கண்டபோது, இவன் கள்வனைப்போல் தோன்றவில்லையே எனத் தயங்கினர். உடனே பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களைப் பற்றி நீளமாகப் பேசி அவர்களின் ஐயத்தை அச்சமாக மாற்றினான். அவர்களுள் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

பின்னர் சபையில் நடந்த விசாரணையோ சில கணங்களில் முடிந்தது. அரசியின் சிலம்பின் பரல் முத்து, கண்ணகையின் சிலம்பின் பரல் மாணிக்கம். சிலம்பு உடைந்தவுடன் உண்மை வெளிப்பட்டது. இத்தனை எளிய சோதனையைக் கொலைக்கு முன்னர் செய்திருக்கலாம் என்பதே அந்தக் காப்பியத்தின் தாங்கமுடியாத வேதனை. ஆயினும், பிழை தன்னுடையது என்று உணர்ந்த கணத்திலேயே பாண்டியன் அதனை மறைக்காமல், சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொண்டு உயிர் நீத்தான். தவறிய அரசன் என்ற பழியோடு, தவறை ஏற்ற அரசன் என்ற புகழும் அவனுக்கு நிலைத்தது அதனாலேயே.

ஏடுகளும் வானொலிகளும்

யாழ்ப்பாணத்தின் பத்திரிகை வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வோர் ஏடும் ஒரு பக்கத்தில் நின்றே பேசியது புலனாகும். 1841ஆம் ஆண்டு தொடங்கிய உதயதாரகை அமெரிக்க மிசனரிமாரின் ஏடு. 1888ஆம் ஆண்டு உருவான சைவ பரிபாலன சபை, அடுத்த ஆண்டிலேயே இந்துசாதனத்தை வெளியிட்டது. ஒன்று கிறிஸ்தவத்தின் கண்ணாலும் மற்றது சைவத்தின் கண்ணாலும் ஊரைப் பார்த்தன. இரண்டும் தம் பக்கத்தை மறைக்கவில்லை. எனவே இரண்டையும் வாசித்த ஒருவர் எதையும் இழக்கவில்லை. 1973ஆம் ஆண்டு லேக் ஹவுஸ் நிறுவனம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததிலிருந்து, தினகரனை வாசித்தவர்கள் அது யார் குரல் என்பதை அறிந்தே வாசித்தனர். உடைமையாளர் யார் என்று தெரிந்துகொள்வதே வாசிப்பின் முதற்படி என்பது சனசமூக நிலைய வாசிகசாலைகளில் பத்திரிகை படித்துப் பழகிய தலைமுறைக்கு நன்கு தெரியும்.

1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அக்காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் மக்கள் வானொலி கேட்டனர். இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், இந்திய வானொலி, கொழும்பு வானொலி, புலிகளின் குரல் என எல்லாவற்றையும் கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பின்னர் அப்பகுதியிலிருந்து வந்த ஒருவரிடமும் விசாரித்த பின்பே ஒரு முடிவுக்கு வந்தவர்கள் பலர். ஒரு சண்டையில் இறந்தோர் தொகையைக் கொழும்பு ஒருவிதமாகவும் மறுதரப்பு இன்னொருவிதமாகவும் சொல்லும். இரண்டும் ஒத்துக்கொள்ளும் பகுதி எது, இருவருமே சொல்லாமல் விடும் பகுதி எது என்று கவனித்தனர். 1941ஆம் ஆண்டு தொடங்கிய தமிழோசை வானொலி 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்துடன் நின்றுபோனது. ஆனால், கை வலிக்க மிதிகட்டை சுற்றிய மக்களிடம் இருந்த அந்த நிதானம் நின்றுபோக வேண்டியதில்லை. அன்று ஒரு செய்திக்கு உழைப்பு வேண்டியிருந்தது. உழைத்துப் பெற்றதை ஆராய்ந்தனர். இன்று செய்தி உழைப்பின்றி வருகின்றது.

சொன்னவர்கள் கொடுத்த விலை

உண்மையைக் கண்டு சொல்வது இந்த மண்ணில் மலிவான தொழிலாக இருந்ததில்லை. 1981 யூன் மாதம் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட அந்த நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. 2006 மே 2ஆம் திகதி, உலக பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல்நாள், உதயன் காரியாலயத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் ஊழியர்கள் இருவர் உயிரிழந்தனர்.

தீவக மக்கள் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டியவர் மயில்வாகனம் நிமலராஜன். பி.பி.சி. தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பியவர். 2000 ஒக்டோபர் 10ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலில் தீவகம் உட்பட யாழ் மாவட்டத்தில் இடம்பெற்ற முறைகேடுகளை அவர் வெளிக்கொணர்ந்தார். அடுத்த ஒன்பதாம் நாள், ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில் அவருடைய வீட்டிலேயே கொல்லப்பட்டார். கண்டதைச் சொல்வதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருந்த மண்ணில், காணாததை ஒரு விரலசைவில் நூறு பேருக்கு அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை அல்லவா?

பொய் யாரைக் கொல்லும்?

தங்களுக்கு அனுகூலமான பொய்யால் தீங்கில்லை என்று சிலர் எண்ணுவதுண்டு. இலங்கையின் வரலாறு அதனை மறுக்கின்றது. 1983 யூலைக் கலவரம் சற்றுத் தணிந்திருந்த வேளையில், 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டார்கள் என்றொரு வதந்தி நகரெங்கும் பரவியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால், அந்த வதந்தியின் பேரால் அன்று மீண்டும் தமிழர்கள் தெருக்களிற் கொல்லப்பட்டனர்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவுக்கடையில், உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாகக் கூச்சல் எழுந்தது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வில், மாத்திரை எனப்பட்டது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. சில நாட்களில் கண்டி மாவட்டத்திலும் வன்முறை மூண்டு, அரசு சமூக வலைத்தளங்களையே தற்காலிகமாக முடக்கியது. அக்கலவரத்தில் தனது தளம் தவறாகப் பயன்பட்டமைக்குப் பேஸ்புக் நிறுவனம் 2020ஆம் ஆண்டு வருத்தம் தெரிவித்தது. 1983இல் ஓர் இனத்தைக் கொன்றது வதந்தி. 2018இல் இன்னோர் இனத்தைச் சுட்டது. வதந்திக்கு இனமோ மதமோ கிடையாது. முதலாவதற்காக அழுதவர்கள் இரண்டாவதைக் கண்டு மௌனமாயிருப்பது தருமமாகாது.

இந்தத் தீவே அறிந்த ஒரு துயரமும் உண்டு. 2015 மே மாதம் பாடசாலைக்குச் சென்ற ஒரு மாணவி புங்குடுதீவில் கொடூரமாகக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், கோபத்தின் போர்வையில் ஊகங்களும் செய்திகளாக உலா வந்தன. யாழ்ப்பாணத்தில் ஆர்ப்பாட்டம் வன்முறையாகி நீதிமன்றக் கட்டடமே தாக்கப்பட்டது. ஒன்பது பேருக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டு, மூன்று மேல்நீதிமன்ற நீதிபதிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பு வந்தபோது எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இருவர் விடுவிக்கப்பட்டனர். 2015இல் வீதியிலேயே தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தால் ஒன்பது பேருக்கும் ஒரே முடிவுதான். எழுவருக்கும் இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காண இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சாட்சியங்களைக் கேட்கும் பொறுமை வேண்டியிருந்தது. அப்பிள்ளைக்குச் செய்யக்கூடிய மரியாதையும், அவளுக்கு நேர்ந்ததைப் பிழையின்றி அறிவதேயன்றிக் கூட்டிக் கூறுவதன்று.

நடுநிலை என்பது யாது?

இவ்விடத்தில் ஒரு தடை எழுவது இயல்பு. அநீதி இழைத்தவனுக்கும் அநீதிக்கு ஆளானவனுக்கும் இடையில் நடுநிலை காப்பதே ஓர் அநீதி அல்லவா என்று கேட்பர். கேள்வி சரியானதே. ஆனால், துலாக்கோல் எப்பொழுதும் நடுவிலேயே நிற்குமாயின் அது பழுதான கோல். நிறை எந்தத் தட்டில் உண்டோ அந்தப் பக்கம் சாய்வதே நல்ல கோலின் இயல்பு. தட்டில் எதுவும் வைக்கும் முன்னரே சாய்ந்திருக்கும் கோல்தான் கள்ளக்கோல். எனவே, செய்தியாளன் உண்மையின் பக்கம் சாய்வது குற்றமன்று. நிறுக்கும் முன் சாய்வதே குற்றம்.

1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டமை தீவகம் மறக்கமுடியாத கொடுமை. இறந்தோர் தொகை இடத்துக்கிடம் வேறுபட்டுக் கூறப்படுகின்றது. சர்வதேச மன்னிப்புச் சபை குறைந்தது 23 பேர் என்றது. வேறு பதிவுகள் 30இற்கும் மேல் என்கின்றன. தொகை வேறுபடுவதால் நிகழ்ச்சி பொய்யாகிவிடாது. தான் உறுதிசெய்த அளவுக்கு மட்டும் "குறைந்தது" என்று சொல்வது நேர்மையான சாட்சியின் மொழி. கூட்டிச் சொன்னால் துயரத்துக்குப் பலம் சேரும் என்று நினைப்பது தவறு. ஓர் எண் பிழையென்று காட்டப்பட்டால், மறுப்பவன் முழு நிகழ்ச்சியையுமே பிழையென்பான்.

ஒற்றும் அரைமெய்யும்

செய்தியைச் சோதிக்கும் முறையைத் திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில் அரசனுக்குச் சொல்லியுள்ளார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதிருக்க வேண்டும். மூவர் சொல்வது ஒத்தாலே தெளியலாம் என்பது அவர் கருத்து. இதில் நுட்பமானது, ஒருவரையொருவர் அறியாதிருத்தல் என்பதே. இன்று ஒரே செய்தி பத்து இணையத்தளங்களில் வருவதைக் கண்டு, பத்துப் பேர் சொல்கின்றார்கள் என்று மயங்குவோர் உளர். ஒன்றைப் பார்த்து ஒன்பது பேர் எழுதினால் அது பத்துச் சாட்சியாகாது. ஒரு சாட்சியின் பத்து எதிரொலிகள் மாத்திரமே. கிணற்றுக்குள் கத்தியவன் தன் குரலையே திரும்பக் கேட்டு, ஊர் தன்னோடு உடன்படுகின்றது என மகிழ்வது போன்றதே இதுவும்.

பொய் இல்லாமலேயே ஏமாற்றவும் முடியும் என்பதற்குப் பாரதக் கதை சான்று. பொய் சொல்லாதவர் என்று பெயர் பெற்றமையாலேயே துரோணர் தருமரிடம் கேட்டார். அசுவத்தாமன் இறந்தான் என்பது உரத்து ஒலித்தது. இறந்தது யானை என்பது போர்முழக்கத்தில் அமிழ்ந்தது. அதுவரை நிலத்திற்குச் சற்று மேலே ஓடிய தருமரின் தேர் அன்று நிலத்தில் இறங்கியது என்பர். நம்பத்தக்கவர் சொன்னாலும் அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை. இக்காலத்துப் பக்கச்சார்பில் பெரும்பகுதி பொய்யாக வருவதில்லை. விடுபாடாகவே வருகின்றது.

ஆகவே, ஒரு செய்தி வந்ததும் கேட்பவர் தமக்குள் சில கேள்விகளை எழுப்பலாம். இதனை நேரில் கண்டவர் யார்? அவர் பெயரோடு சொல்கின்றாரா? இதனால் யாருக்கு இலாபம்? மற்றத் தரப்பு என்ன சொல்கின்றது? தெரியாததைத் தெரியாது என்று இந்த ஏடு சொல்வதுண்டா? பிழை நேர்ந்தால் பாண்டியனைப்போல் ஒப்புக்கொள்வதுண்டா? திருத்தம் வெளியிடும் பத்திரிகையை மக்கள் இகழ்வதுண்டு. உண்மையில் மதிக்கவேண்டியது அதனையே. ஒருபோதும் திருத்தம் வெளியிடாத ஏடு பிழையே விடாத ஏடு அன்று.

இறுதியாக ஒரு கேள்வி மிகக் கடினமானது. இதைக் கேட்டதும் மனம் மகிழ்ந்ததா? பகைவனைப் பற்றிய கெட்ட செய்தியையும் தன் பக்கத்தைப் பற்றிய நல்ல செய்தியையும் மனம் சோதனையின்றி உள்ளே விடுகின்றது. பாண்டியன் வீழ்ந்த வாசல் அதுவே. ஆகையால், பிடிக்காத செய்தியைவிடப் பிடித்த செய்தியையே கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

இவை பெரிய அரசியல் செய்திகளுக்கு மட்டும் உரியவை அல்ல. ஊரில் ஒருவர் காலமானார் என்ற செய்தி, ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளையைப் பற்றிய கதை, கோயிற் கணக்கில் குறை என்ற பேச்சு, உதவி கேட்டு வரும் வட்ஸ்அப் செய்தி ஆகிய யாவற்றுக்கும் இவையே அளவுகோல். கோயிற் கணக்கில் ஐயம் இருந்தால் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், கணக்கேட்டைப் பார்க்கலாம். ஒருவர் இறந்ததாகக் கேள்விப்பட்டால் அவர் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கலாம். சிலம்பை உடைத்துப் பார்ப்பது போன்ற எளிய சோதனைகள் இவை. ஒரு நாள் பொறுத்திருந்தால் பெரும்பாலான பொய்கள் தாமே வாடிவிடும். பொறுத்திருப்பதால் உண்மைக்கு எந்தக் குறையும் நேராது.

விநாயகப் பெருமானுக்குச் சூர்ப்பகர்ணர் என்றொரு திருநாமம் உண்டு. சுளகு போன்ற காதுகளை உடையவர் என்பது அதன் பொருள். சுளகு வருவதை எல்லாம் ஏற்கின்றது. ஆனால், எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. புடைத்துப் பதரையும் உமியையும் வெளியே தள்ளி மணியை மட்டும் தன்னிடம் நிறுத்துகின்றது. அவரது காதுகளோ பெரியவை. வாயோ துதிக்கையின் பின் மறைந்திருப்பது. நிறையக் கேட்டு, புடைத்துத் தேர்ந்து, குறைவாகப் பேசுக என்பதை அத்திருவுருவமே உணர்த்துகின்றது. சந்நிதியில் நின்று தோப்புக்கரணம் இடும் ஒவ்வோர் அடியவரும் தம் இரு காதுகளையும் பற்றிக்கொள்ளும் அவ்வேளையில், அக்காதுகள் சுளகாக அமைய வேண்டும் என்றும் ஒருகணம் வேண்டிக்கொள்வாராக. ஊரில் உள்ளோர்க்கும் கடல் கடந்து வாழ்வோர்க்கும் மெய்யைத் தேரும் அறிவை எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் அருள்வாராக.